ஸ்தானீகரா, பண்ணை ஏஜெண்டா?
கியூபாவில் அமெரிக்கத் தூதர்கள் நடத்திய தர்பார்

ஸ்தானீகர் என்றால் யார்? ஒரு நாட்டு சர்க்கார் இன்னொரு நாட்டு சர்க்காரிடம் அனுப்பி வைக்கும் பிரதிநிதி. வந்தவர் தமது நியமனப் பத்திரத்தை அந்த நாட்டு ஜனாதிபதியிடம் கொடுப்பார். அந்த நாட்டின் சட்டத்துக்கு மரியாதை தருவார். தம்முடைய சர்க்காரின் அபிப்பிராயத்தை எடுத்துச் சொல்வார். கேட்டதையும் கண்டதையும் தம் தலைநகருக்கு எழுதுவார். பள்ளிப் புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது.

பண்ணை ஏஜெண்டு என்றால் யார்? இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. வயதான விவசாயத் தொழிலாளத் தோழர்களைக் கேட்டால் போதும். நிலத்துக்குச் சொந்தக்காரர் பட்டணத்தில் இருப்பார். வருஷத்தில் இரண்டு நாள் காரில் வந்து, களத்து மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார். ஊரில் அவருக்குப் பதிலாக ஆண்டவர் ஏஜெண்டு. யாருக்கு வேலை, யாருக்கு வேலையில்லை, யாருடைய குடிசை நிற்கலாம், யாருடைய குடிசையைப் பிடுங்கி எறியலாம் என்று தீர்மானித்தவர் அவர். பஞ்சாயத்துக்கு ஒரு பிரசிடெண்டும் இருந்தார். ஆனால் காலையில் எழுந்ததும் ஏஜெண்டு வீட்டுத் திண்ணையில் போய் நின்றுவிட்டுத்தான் அவருக்கு மற்ற ஜோலி.

தோழர்களே! கியூபா நாட்டுக்கு அமெரிக்கா அனுப்பிய ஸ்தானீகர்கள் இந்த இரண்டில் எந்த ஜாதி? நாம் சொன்னால், கம்யூனிஸ்டுகள் எப்போதும் இப்படித்தான் பேசுவார்கள் என்று பெரிய பத்திரிகைகள் எழுதும். ஆகவே அந்த ஸ்தானீகர்களில் ஒருவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

அவர் பெயர் ஏர்ல் ஸ்மித். பணம் முதலீடு செய்து பணம் பண்ணும் தொழிலில் இருந்தவர். 1957 முதல் 1959 ஜனவரி வரை ஹவானாவில் அமெரிக்க ஸ்தானீகர். கியூப மக்கள் பேசும் ஸ்பானிய மொழி அவருக்குத் தெரியாது. 1960 ஆகஸ்டு 30-ந் தேதி, அமெரிக்க செனட்டின் உபகமிட்டி ஒன்றின் முன் இவர் சாட்சியம் அளித்தார். காஸ்ட்ரோ வருவதற்கு முன்பு கியூபாவில் அமெரிக்காவின் செல்வாக்கு எவ்வளவு பலமாக இருந்தது என்பதை விளக்க ஒரே விஷயத்தைச் சொன்னார்: அந்த நாட்டில் அமெரிக்க ஸ்தானீகர்தான் இரண்டாவது முக்கிய மனிதர், சில சமயங்களில் ஜனாதிபதியை விடவும் முக்கியமானவர்.

இதை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக நினைத்துச் சொல்லவில்லை. பறிபோன சொத்தை எண்ணி ஏங்கிச் சொன்னார். இனி நாம் கணக்கைப் புரட்டுவோம். இந்த நாற்காலிக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது?

துப்பாக்கி முனையில் ஒரு சரத்து

ஸ்பெயின் ஆதிக்கத்தை எதிர்த்துக் கியூப மக்கள் முப்பது வருஷ காலம் விட்டு விட்டுப் போராடினார்கள். ஸ்பெயின் களைத்துச் சாயும் நேரத்தில், 1898-ல், அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. சில மாதங்களில் யுத்தம் முடிந்தது. சாந்தியாகோ நகரம் சரணடைந்தபோது, அந்த நகரத்தைச் சுற்றி ரத்தம் சிந்திய கியூப விடுதலைப் படையை நகருக்குள் நுழையவே அமெரிக்கத் தளபதி அனுமதிக்கவில்லை. 1898 டிசம்பரில் பாரிசில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது, கியூபப் பிரதிநிதிக்கு மேஜையில் இடமில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மட்டும் இலை போடாத கதைதான்.

1899 ஜனவரி முதல் 1902 மே 20 வரை கியூபாவில் அமெரிக்க ராணுவ ஆட்சி. போகும்போது சும்மா போனார்களா? பிளாட் என்ற செனட்டரின் பெயரால் வழங்கும் திருத்தம் ஒன்றை 1901-ல் தங்கள் காங்கிரசில் நிறைவேற்றி, அதைக் கியூபாவின் அரசியல் சட்டத்தில் சேர்த்தால்தான் படை வெளியேறும் என்றார்கள். கியூபாவின் 'சுதந்திரத்தைப் பாதுகாக்க' எப்போது வேண்டுமானாலும் அமெரிக்கா தலையிடலாம் என்பது அதில் ஒரு சரத்து. கப்பற்படைத் தளங்களுக்கு நிலம் தரவேண்டும் என்பது இன்னொன்று. கியூப அரசியல் நிர்ணய சபையில் 16 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. அந்நியப் படை ஊருக்குள் நிற்கும்போது, கூடாது என்று சொல்ல 11 பேருக்குத் துணிவு இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

குடிசை உனக்குத்தான், ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது. ராத்திரியில் நான் எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்று மிராசுதார் சொன்னால், அந்தக் குடிசை யாருடையது?

1902-ல் ஹெர்பர்ட் ஸ்கையர்ஸ் என்பவர் முதல் தூதராக ஹவானா வந்தார். அவர் பின்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பிளாட் சரத்துதான் கைப்பிரம்பு. 1906 முதல் 1909 வரை மீண்டும் அமெரிக்கப் படை வந்து நாட்டையே எடுத்து நடத்தியது. 1912-ல் உரிமை கேட்டு எழுந்த கறுப்பின மக்களை ஒடுக்கிய நாட்களில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் இறங்கினார்கள். 1917-ல் மறுபடியும் இறங்கி, 1922 வரை கிழக்கு மாகாணத்தில் கரும்பு வயல்களுக்குக் காவல் இருந்தார்கள். 1913 முதல் 1921 வரை ஜனாதிபதியாக இருந்த மெனோகால் என்பவர் யார் தெரியுமா? அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தமான சப்பர்ரா சர்க்கரை ஆலையின் மாஜி மானேஜர்! மில் மானேஜர் நாட்டுக்கு ஜனாதிபதி. மில் முதலாளியின் சர்க்கார் அனுப்பியவர் தூதர். இந்த இருவரில் யார் யாருக்கு சலாம் போட்டிருப்பார்கள் என்பதை மில் தோழர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

(சப்பர்ரா என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.)

யுத்தக் கப்பலில் வந்த மகான்

1920-ம் வருஷம் மே மாதம் உலகச் சந்தையில் சர்க்கரை ஒரு ராத்தல் 22 சென்டுக்கு மேல் விற்றது. டிசம்பருக்குள் 4 சென்டுக்கும் கீழே விழுந்தது. கியூப பாங்குகள் திவாலாகின. கடன்பட்ட ஆலைகள் அமெரிக்க பாங்குகளின் கைக்குப் போயின. இந்த நேரத்தில், 1921 ஜனவரியில், ஜெனரல் ஈனாக் கிரவுடர் என்பவர் ஹவானா துறைமுகத்தில் வந்து இறங்கினார். இல்லை, தவறு, இறங்கவில்லை. மின்னிசோட்டா என்ற யுத்தக் கப்பலில் வந்து, அந்தக் கப்பலையே கச்சேரியாக வைத்துக்கொண்டு காரியம் பார்த்தார். வரலாமா என்று கியூப சர்க்காரை யாரும் கேட்கவில்லை.

ஜனாதிபதி ஸயாஸுக்கு இவர் உத்தரவுக் கடிதங்களாக எழுதித் தள்ளினார். பட்ஜெட் எப்படி இருக்க வேண்டும், லாட்டரியை எப்படி நடத்த வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கடிதம். 1922-ல் மந்திரி சபையையே மாற்ற வைத்தார். 'நேர்மையான மந்திரி சபை' என்று அதற்குப் பெயர். ஊழல் இருந்தது உண்மை; ஸயாஸ் யோக்கியர் என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் இவ்வளவு சுத்தமும் எதற்காக? மார்கன் கம்பெனியிடம் 5 கோடி டாலர் கடன் வாங்கவும், வாங்கிய கடன் ஒழுங்காகத் திரும்பி வரவும்தான். 1923 ஆரம்பத்தில் கடன் வந்தது. கடன் வந்த கையோடு ஸயாஸ் அந்த நேர்மையான மந்திரிகளை வீட்டுக்கு அனுப்பினார். வாஷிங்டன் என்ன செய்தது? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஹவானாவில் இருந்த தூதர் அலுவலகத்தை ஸ்தானீகராலயமாக உயர்த்தி, கிரவுடரையே முதல் ஸ்தானீகராக நியமித்தது. பணம் பத்திரமானால் நேர்மை எக்கேடு கெட்டால் என்ன?

1925-ல் மச்சாடோ ஜனாதிபதியானார். கொலைகாரச் சர்வாதிகாரி. தொழிற்சங்கத் தலைவர்களையும் மாணவர்களையும் தீர்த்துக் கட்டியவர். நியூயார்க் சேஸ் பாங்கு இவருடைய சர்க்காருக்குக் கடன் மேல் கடன் கொடுத்தது. அதே பாங்கின் ஹவானா கிளையில் மச்சாடோவின் மருமகனுக்கு உத்தியோகம். பாங்கு வேலைக்கு அவர் சற்றும் லாயக்கில்லை என்று பாங்கு அதிகாரிகளே ஒருவருக்கொருவர் எழுதிக் கொண்ட கடிதங்கள் பின்னால் அமெரிக்க செனட் விசாரணையில் வெளியாயின. லாயக்கில்லாத மாப்பிள்ளையை ஏன் வைத்திருந்தார்கள் என்பதற்கு விளக்கம் வேறு வேண்டுமா? இந்தக் காலத்தில், 1929 முதல் 1933 வரை, ஸ்தானீகர் ஹாரி குக்கன்ஹைம். உலகமெங்கும் செம்புச் சுரங்கம் வைத்திருந்த கோடீஸ்வரக் குடும்பத்தின் பிள்ளை. கியூபாவின் சிறைகள் நிரம்பி வழிந்தன; அமெரிக்கா தன்னுடைய சரத்தின்படி 'தலையிட' வில்லை. மக்கள் சாகும்போது தலையிடுவதற்காகவா அந்த சரத்தை எழுதினார்கள்?

எட்டு மணி நேர வேலையை அங்கீகரிக்காத ஸ்தானீகர்

1933-ம் வருஷத்தை மில் தோழர்களும் கரும்பு வெட்டும் தோழர்களும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கியூபாவில் கரும்பு வெட்டு வருஷத்தில் மூன்று நான்கு மாதம். மிச்ச மாதங்களுக்கு அங்கே 'செத்த காலம்' என்றே பெயர். வேலை இல்லை, கூலி இல்லை, கம்பெனிக் கடையில் கடன். 1929-ல் தொடங்கிய உலக நெருக்கடியில் வெட்டும் குறைந்தது, கூலியும் விழுந்தது. 1933 ஜூலைக் கடைசியில் ஹவானா பஸ் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் டிராம், துறைமுகம், கடைகள், பத்திரிகைகள் எல்லாம் நின்று, பொது வேலை நிறுத்தமாயிற்று. மச்சாடோ ஓடிவிட்டார் என்று ஒரு வதந்தி பரவி மக்கள் வீதியில் திரண்டபோது போலீஸ் சுட்டுப் பலரைக் கொன்றது. வேலை நிறுத்தம் உடையவில்லை.

மே மாதமே ஸம்னர் வெல்ஸ் என்ற புது ஸ்தானீகர் வந்திருந்தார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு மிக வேண்டியவர். 'நல்ல அண்டை வீட்டுக்காரர்' என்ற ரூஸ்வெல்ட்டின் கொள்கையை எடுத்து வந்தவர். மச்சாடோவுக்கும் எதிர்க்கட்சிக் கனவான்களுக்கும் மத்தியஸ்தம் பேசிக்கொண்டிருந்தார். தொழிலாளி வர்க்கம் வீதியில் இறங்கியதும் மத்தியஸ்தம் கரைந்தது. மச்சாடோ போகாவிட்டால் அவரோடு சேர்ந்து எல்லாமே போய்விடும் என்று வெல்ஸுக்குப் புரிந்தது. ஆகஸ்டு 12-ந் தேதி மச்சாடோ ஆகாய விமானத்தில் ஓடினார். வெல்ஸ் தம் கைக்கு அடக்கமான செஸ்பெடஸ் என்பவரை நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த ஆட்சி ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. செப்டம்பர் 4-ந் தேதி ராணுவ சார்ஜெண்டுகளும் சிப்பாய்களும் கலகம் செய்து, மாணவர்களோடு சேர்ந்து அதை வீழ்த்தினார்கள். கலகம் செய்த சார்ஜெண்டுகளில் பாட்டிஸ்டா என்று ஒருவன் இருந்தான்.

செப்டம்பர் 10-ல் டாக்டர் கிராவ் சான் மார்ட்டின் என்ற பேராசிரியர் ஜனாதிபதியானார். அந்த ஆட்சி என்ன செய்தது? எட்டு மணி நேர வேலை நாளைச் சட்டமாக்கியது. கரும்பு வெட்டும் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. பெண்களுக்கு வோட்டுரிமை என்றது. அமெரிக்க மின்சாரக் கம்பெனியின் கட்டணத்தைக் குறைத்தது. பிளாட் திருத்தம் இனிச் செல்லாது என்று அறிவித்தது. உள்நாட்டு மந்திரி கிட்டேராஸ் என்ற இளைஞர், தொழிலாளர் தகராறு முற்றியபோது சப்பர்ரா, டெலிசியாஸ் என்ற இரண்டு பெரிய சர்க்கரை ஆலைகளை சர்க்கார் வசம் எடுத்தார். ஆம், அதே சப்பர்ரா! ஏற்கனவே நாடெங்கும் பல ஆலைகளில் தொழிலாளர்கள் தாங்களே உள்ளே புகுந்து பிடித்திருந்தார்கள். மபாய் ஆலையில் சோவியத்து அமைத்தார்கள்.

கிராவ் ஆட்சி தொழிலாளி வர்க்க ஆட்சி அல்ல. கம்யூனிஸ்டுகள் அதை எதிர்த்தார்கள். மெக்சிக்கோவில் 1929-ல் கொலையுண்ட தோழர் மேல்லாவின் அஸ்தி ஊர்வலத்தின் மீது, 1933 செப்டம்பர் 29-ல், அந்த ஆட்சியின் ராணுவமே சுட்டது. தொழிலாளரில் பாதிப் பேர் கியூபர்களாக இருக்கவேண்டும் என்ற சட்டத்தால், ஹெய்த்தியிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் வந்து கரும்பு வெட்டிய ஏழைகள் துரத்தப்பட்டார்கள். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வெல்ஸுக்குக் கோபம் வந்தது இவற்றுக்காகவா? அஸ்தி ஊர்வலத்தில் சுட்டதற்காகவா? ஹெய்த்தித் தொழிலாளிக்காகவா? கூலி ஏறியதற்கும் கட்டணம் இறங்கியதற்கும் ஆலை கைமாறியதற்கும்தான் கோபம்! அந்த ஆட்சி கம்யூனிசத்தின் பக்கம் போகிறது என்று வாஷிங்டனுக்குத் தந்தி மேல் தந்தி அடித்தார். படை அனுப்பும்படி கேட்டார். ரூஸ்வெல்ட் படையை இறக்கவில்லை. யுத்தக் கப்பல்களை அனுப்பிக் கியூபாவைச் சுற்றி நிறுத்தினார். அதை விடக் கூரான கத்தி ஒன்று ஸ்தானீகர் கையில் இருந்தது: அங்கீகாரம் மறுப்பு. அமெரிக்கா அங்கீகரிக்காத சர்க்காருக்குக் கடன் இல்லை, சர்க்கரைக்குச் சந்தை இல்லை, வயிற்றுக்குச் சோறு இல்லை.

டிசம்பரில் வெல்ஸ் போய் ஜெபர்சன் காப்ரி வந்தார். ஆள் மாறியது, வேலை மாறவில்லை. ராணுவத் தலைவனாகிவிட்ட பாட்டிஸ்டாவிடம் பேசினார். 1934 ஜனவரி 14-ந் தேதி மின்சாரக் கம்பெனியைக் கிராவ் சர்க்கார் கையில் எடுத்தது. மறுநாள், ஜனவரி 15-ந் தேதி, பாட்டிஸ்டா கிராவைத் துரத்தினான். தேதிகளைக் கவனியுங்கள்!

இன்னும் சில தேதிகளையும் கவனியுங்கள். எட்டு மணி நேர வேலை தந்த ஆட்சி நான்கு மாதம் இருந்தது. அமெரிக்கா ஒரு நாள் கூட அதை அங்கீகரிக்கவில்லை. அடுத்து வந்த மெண்டியேட்டாவின் ஆட்சிக்கு ஐந்தே நாளில் அங்கீகாரம். 1952 மார்ச் 10-ந் தேதி இதே பாட்டிஸ்டா, நடக்க இருந்த தேர்தலை மிதித்துத் துவைத்து ராணுவத்தால் ஆட்சியைப் பிடித்தபோது பதினேழு நாளில், மார்ச் 27-ல், அங்கீகாரம். ஜனநாயகத்தை அளக்கும் படி ஸ்தானீகர் கையில்தான் இருந்தது. பண்ணையில் நெல் அளந்து வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் என்று இரண்டு இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1934 மே மாதம் பிளாட் திருத்தம் ரத்தாயிற்று. அமெரிக்காவின் பெருந்தன்மை என்று அதைப் பாடினார்கள். குவாண்டனமோ கப்பற்படைத் தளம் மட்டும் அவர்களிடமே இருந்தது. சர்க்கரைக்கு 'கோட்டா' வந்தது. எத்தனை டன் வாங்குவது என்று வாஷிங்டன் வருஷா வருஷம் நிர்ணயிக்கும். கழுத்தில் கயிறு இருக்கும்போது காலில் விலங்கு எதற்கு? 1935 மார்ச் மாதப் பொது வேலை நிறுத்தத்தைப் பாட்டிஸ்டா ரத்தத்தில் மூழ்கடித்தான். மே 8-ந் தேதி கிட்டேராஸைச் சுட்டுக் கொன்றார்கள்.

தங்க டெலிபோன்

பிறகு ரைட், மெஸ்ஸர்ஸ்மித், பிரேடன், நார்வெப், பட்லர், போலாக் என்று வரிசையாக வந்து போனார்கள். சிலர் தொழில்முறை உத்தியோகஸ்தர்கள். பிரேடன், சிலி நாட்டில் செம்புச் சுரங்கம் வெட்டிய குடும்பத்தின் வாரிசு. ஒவ்வொருவர் கதையையும் சொல்லப் பத்திரிகையில் இடம் இல்லை, அவசியமும் இல்லை.

1953 முதல் 1957 வரை ஆர்தர் கார்டனர். பாட்டிஸ்டாவின் புகழ் பாடுவதே இவருக்கு உத்தியோகம். இந்தக் காலத்தில்தான் அமெரிக்கருக்குச் சொந்தமான கியூப டெலிபோன் கம்பெனி கட்டண உயர்வு கேட்டது. 1957 மார்ச்சில் பாட்டிஸ்டா அதைக் கொடுத்தான். கம்பெனி நன்றிக்கடனாக அவனுக்கு ஒரு தங்க டெலிபோனைப் பரிசளித்தது! இதைச் சொன்னது காஸ்ட்ரோ அல்ல. 1960 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற ஜான் கென்னடி, சின்சினாட்டி நகரில் பேசியபோது சொன்னார். அமெரிக்க சர்க்கார் நெருக்கியதன் பேரிலேயே அந்த அநியாயக் கட்டண உயர்வு கிடைத்தது என்றும் அவரே சொன்னார். அதே பேச்சில் ஒரு கணக்கும் கொடுத்தார்: 1959 தொடக்கத்தில் கியூபாவின் கரும்பு நிலத்தில் சுமார் 40 சதவீதம், சுரங்கங்களில் 90 சதவீதம், மின்சாரம் டெலிபோன் போன்ற பொது வசதிகளில் 80 சதவீதம், ஏறக்குறைய எல்லா மாட்டுப் பண்ணைகளும், எண்ணெய்த் தொழிலும் அமெரிக்கக் கம்பெனிகள் வசம். (இவ்வளவும் தெரிந்த கென்னடிதான் பதவிக்கு வந்ததும், 1961 ஏப்ரலில், கியூபாமீது கூலிப்படையை ஏவினார்!)

அந்தத் தங்க டெலிபோன் ஹவானா மியூசியத்துக்குப் போயிற்று.

ஏர்ல் ஸ்மித் 1957-ல் வந்தார். அவருக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடுவோம். ஜூலைக் கடைசியில் சாந்தியாகோவில், பிராங்க் பாயிஸ் என்ற புரட்சி இளைஞரைப் போலீஸ் கொன்ற மறுநாள், கறுப்புடை அணிந்த தாய்மார்கள் ஸ்மித்தின் முன் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் அவர்கள் மேல் தண்ணீரைப் பீச்சி அடித்தது. இவ்வளவு முரட்டுத்தனம் கூடாது என்று ஸ்மித் பகிரங்கமாகச் சொன்னார். சொன்னது அத்தோடு சரி. 1958 டிசம்பர் 17-ந் தேதி, இனி உம்மை வாஷிங்டன் தாங்காது என்று பாட்டிஸ்டாவிடம் சொல்லப் போனவரும் இவரே. உட்கார வைத்தவர்களே எழுந்து போகச் சொன்னார்கள். 1959 ஜனவரி 1-ந் தேதி விடிவதற்குள் பாட்டிஸ்டா ஓடினான்.

ஆனால் இந்தத் தடவை அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஸ்தானீகருக்குக் கிடைக்கவில்லை.

நல்ல ஏஜெண்டு வந்தார்

கடைசி ஸ்தானீகர் பிலிப் பான்சால். 1959-ல் வந்தார். நல்ல மனுஷர், ஸ்பானிய மொழி தெரிந்தவர், மரியாதையாகப் பேசுபவர். ஏஜெண்டுகளிலும் நல்லவர்கள் இருந்தது உண்டு. ஆனால் குத்தகை பாக்கி என்று வரும்போது நல்ல ஏஜெண்டு நீட்டும் நோட்டும் கெட்ட ஏஜெண்டு நீட்டும் நோட்டும் ஒன்றுதானே?

1959 மே 17-ல் கியூபப் புரட்சி அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் செய்தது. பொதுவான உச்சவரம்பு 30 கபல்லேரியா, நம் கணக்கில் சுமார் 1,000 ஏக்கர். நம்முடைய கண்ணுக்கு அதுவே பெரிய மிராசு! சில பயிர்களுக்கு அதற்கு மேலும் சலுகை உண்டு. மிஞ்சிய நிலத்துக்கு நஷ்ட ஈடும் உண்டு: 20 வருஷப் பத்திரம், நாலரை சதவீதம் வரை வட்டி. மதிப்பு எப்படி? வரி கட்டுவதற்காக நிலத்துக்கு என்ன மதிப்பு என்று பதிவாகி இருந்ததோ, அதே மதிப்பு.

கம்பெனிகள் அலறின. ஏன்? வரி கட்டும்போது நிலத்தின் மதிப்பை மட்டமாகக் காட்டியிருந்தார்கள். அதே மட்டமான விலையை இப்போது நீட்டினால் நெஞ்சு வலிக்கிறது! ஜூன் 11-ந் தேதி அமெரிக்கக் குறிப்பு வந்தது: நஷ்ட ஈடு உடனே வேண்டும், முழுசாக வேண்டும், ரொக்கமாக வேண்டும் என்பது அதன் சாரம். பாட்டிஸ்டா கூட்டம் கஜானாவைச் சுரண்டிக்கொண்டு ஓடிய நாட்டிடம் ரொக்கம் கேட்டார்கள்.

கியூபா நஷ்ட ஈடு தராமல் அபகரித்தது என்றும், அதனால்தான் உறவு முறிந்தது என்றும் சில மேதாவிகள் இன்னமும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பிரிட்டன், கனடா, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் சொத்துக்களும் தேசிய உடைமையாயின. அவை எல்லாம் கியூபாவோடு பேசி, ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு, கணக்கைத் தீர்த்தனவே, எப்படி? பேச விரும்பியவர்களுக்குப் பேச்சு நடந்தது.

அமெரிக்கா என்ன விரும்பியது? 1960 ஏப்ரல் 6-ந் தேதி லெஸ்டர் மல்லரி என்ற வெளிநாட்டு இலாகா அதிகாரி எழுதிய குறிப்பு பிற்காலத்தில் வெளியாகிவிட்டது. பெரும்பாலான கியூப மக்கள் காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள் என்று அதில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆகவே பணமும் பொருளும் போகாமல் தடுத்து, கூலியைக் குறையச் செய்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கி அரசைக் கவிழ்க்க வேண்டும் என்கிறார். மக்கள் ஆதரவு இருக்கிறது, அதனால் மக்களைப் பட்டினி போடு! கதவடைப்பைப் பார்த்த மில் தொழிலாளிக்கு இந்த தர்மம் புரியாமல் போகாது.

காரியங்கள் அந்த வழியிலேயே நடந்தன. 1960 ஜூனில் டெக்சாகோ, எஸ்ஸோ, ஷெல் கம்பெனிகள் சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தன. கியூபா சுத்திகரிப்பு ஆலைகளை எடுத்தது. ஜூலை 6-ல் அமெரிக்கா சர்க்கரைக் கோட்டாவில் 7 லட்சம் டன்னை வெட்டியது. அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொள்வதாக சோவியத் யூனியன் சொன்னது. ஆகஸ்டில் 36 அமெரிக்க சர்க்கரை ஆலைகளும் டெலிபோன், மின்சாரக் கம்பெனிகளும் தேசிய உடைமையாயின. அக்டோபர் 19-ல் ஏற்றுமதித் தடை. அதே மாதக் கடைசியில் பான்சால் திருப்பி அழைக்கப்பட்டார். 1961 ஜனவரி 3-ல் அமெரிக்கா உறவையே அறுத்தது.

கியூபா அமெரிக்க ஏஜெண்டைத் துரத்திவிட்டு ருஷ்ய ஏஜெண்டை வைத்துக்கொண்டது என்று இங்கே ஒரு குரல் எழும். 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடியின்போது, கியூபாவைக் கேட்காமலேயே குருஷ்சேவ் கென்னடியோடு முடிவு செய்தார் என்பது உண்மை. கியூபா அதை வாய்மூடி ஏற்றதா? காஸ்ட்ரோ கொதித்தார். தமது ஐந்து நிபந்தனைகளை உலகுக்கு அறிவித்தார். தமது மண்ணில் சோதனை போட எவரையும் அனுமதிக்க மாட்டேன் என்றார், அனுமதிக்கவும் இல்லை. ஏஜெண்டு ஆண்ட ஊரில் இப்படிப் பேசிவிட்டு ஒருவன் மறுநாள் வேலைக்கு வந்திருக்க முடியுமா?

பிறகு சுவிட்சர்லாந்து தூதராலயம் அமெரிக்காவின் காரியங்களைப் பார்த்துக்கொண்டது. 1977-ல் 'நலன் பிரிவு' என்ற பெயரில் அமெரிக்க அதிகாரிகள் தங்கள் பழைய கட்டடத்துக்கே திரும்பினார்கள். 2006-ல் அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் மின்சார எழுத்துப் பலகை கட்டிக் கியூப சர்க்காரை ஏசிப் பிரசாரம் ஓட்டினார்கள். கியூபா அதன் எதிரே 138 கறுப்புக் கொடிகளை ஏற்றி எழுத்து தெரியாமல் செய்தது. விருந்தாளியாகப் போன வீட்டின் திண்ணையில் ஏறி நின்று வீட்டுக்காரரை ஏசும் ராஜதந்திரத்தை வேறெங்கு கண்டோம்?

2015 ஜூலை 20-ல் இரு நாடுகளும் மீண்டும் தூதராலயங்களைத் திறந்தன. 2016 செப்டம்பரில் ஜனாதிபதி ஒபாமா, ஜெப்ரி டிலாரெண்டிஸ் என்பவரை ஸ்தானீகராக நியமிக்க செனட்டைக் கேட்டார். செனட் அதை வோட்டுக்கே எடுக்கவில்லை. 2017-ல், அதிகாரிகளுக்கு ஏதோ மர்ம ஒலி கேட்டு நோய் வந்தது என்று சொல்லிப் பாதிக்கு மேற்பட்ட சிப்பந்திகளைத் திரும்பப் பெற்றார்கள். வாஷிங்டனிலிருந்த கியூப அதிகாரிகள் 15 பேரை வெளியேற்றினார்கள். அந்நிய நாடு எதுவும் இதைச் செய்திருக்க இடமில்லை என்று அமெரிக்க உளவு இலாகாக்களில் பெரும்பாலானவை 2023-ல் சொல்லின. வெளியேற்றியதற்கு யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை. பொருளாதார முற்றுகையோ நின்றபாடில்லை. 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு வந்திருக்கிறது. 2024-ல் 187 நாடுகள் ஒரு பக்கம். அமெரிக்காவும் இஸ்ரேலும் மறுபக்கம்.

ஜனாதிபதியை விடப் பெரியவராக இருந்த ஸ்தானீகரை அனுப்ப அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சமமான ஒரு நாட்டுக்கு சாதாரண ஸ்தானீகரை அனுப்ப மனம் வரவில்லை. 1960 அக்டோபரில் பான்சால் எழுந்து போன நாற்காலியில் அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லாம் பொறுப்பு அதிகாரிகளே.

குவாண்டனமோ தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002 முதல், விசாரணையில்லாமல் ஆட்களை அடைக்கும் கொட்டடி என்று உலகமே அறிந்த இடம். அதற்கு வருஷக் குத்தகை 1903-ல் 2,000 டாலர் பொன்; பிறகு அது 4,085 டாலர் ஆயிற்று. தளம் வேண்டாம், மண்ணைத் திருப்பிக் கொடு என்கிறது கியூபா. 1959-ல் புரட்சியின் தொடக்கக் குழப்பத்தில் மாற்றிய ஒரு செக்கைத் தவிர, அமெரிக்கா அனுப்பிய எந்தக் குத்தகை செக்கையும் கியூபா மாற்றவில்லை. செக்கில் எழுதியிருக்கும் பெயர் 'குடியரசின் தலைமைப் பொக்கிஷதார்'. அப்படி ஒரு பதவியே புரட்சிக்குப் பிறகு கியூபாவில் கிடையாது. பேட்டி காண வந்தவர்களுக்கு பிடல் காஸ்ட்ரோ ஒரு தடவை தமது மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். செக்குகள் அதில் குவிந்து கிடந்தன.